கோவா வறையின் வரலாறு

சில மாதங்களுக்கு முன்னர் தமிழகத்திலிருந்து வந்திருந்த பத்திரிகை நண்பர் ஒருவர் கொழும்பில் எமது இல்லத்தில் மதிய உணவு உண்டார். சோறு, பருப்பு, மீன்குழம்பு, அப்பளம், இவற்றுடன் ஒரு கோவா வறை. "கோவா வறையும் கொஞ்சம் போடட்டோ?" என்று என் மனைவி கேட்டபோது நண்பர் சற்றுத் திகைத்தார். அவருடைய நாட்டில் கோவா என்றால் பாலைச் சுண்டக் காய்ச்சிச் செய்யும் இனிப்பு. அதனை வறுத்துச் சோற்றுடன் உண்ணும் விநோத வழக்கம் இலங்கைத் தமிழரிடம் உண்டோ என்று அவர் எண்ணியிருக்கவேண்டும். பாத்திரத்தைப் பார்த்த பின்னர்தான் "அட, நம்ம முட்டைக்கோஸ் பொரியல்!" என்று சிரித்தார். "அப்படியானால் இந்தக் காய் கோவா மாநிலத்திலிருந்து வந்ததா?" என்று அடுத்த கேள்வியையும் கேட்டார்.

அன்று நான் அளித்த விடை அரைகுறையானது. பத்திரிகைக்காரன் ஒருவன் ஒரு கேள்விக்கு அரைகுறையாக விடை சொல்லிவிட்டால் அது அவனை உறங்கவிடாது. முழு விடையையும் இங்கு எழுதிவைக்க முற்படுகிறேன்.

கோவா என்ற இந்திய மாநிலத்துக்கும் இந்தக் காய்க்கும் பெயரளவில் யாதொரு தொடர்பும் இல்லை. போர்த்துக்கேய மொழியில் இக்காயினத்தின் பெயர் 'கோவெ'. அதுவே சிங்களத்திலும் இலங்கைத் தமிழிலும் கோவா ஆயிற்று. அலுமாரி, சப்பாத்து, கதிரை, வாங்கு, பாண், விசுகோத்து என்று எமது அன்றாடப் பேச்சில் ஒட்டிக்கொண்ட போர்த்துக்கேயச் சொற்களுள் இதுவும் ஒன்று. எமது மரக்கறிக் கடைகளில் கோவாவுக்குப் பக்கத்தில் போஞ்சி கிடக்கும். அது ஒல்லாந்தரின் சொல். அதற்குப் பக்கத்தில் கரட், பீற்றூட், லீக்ஸ். இவை ஆங்கிலேயரின் சொற்கள். 1505இல் வந்தவர்களும், 1658இல் அவர்களை வெளியேற்றியவர்களும், 1796இல் இவர்களையும் வெளியேற்றியவர்களும் ஒரே சாக்கு விரிப்பின்மீது சமாதானமாகக் கிடப்பதை எந்தச் சந்தையிலும் காணலாம்.

ஆனால் பெயர் வந்த வழியும் காய் வந்த வழியும் ஒன்றென்று கொள்வது தவறு. கோவா குளிரை விரும்பும் பயிர். ஐரோப்பாவின் கடற்கரைகளில் காட்டுச்செடியாக வளர்ந்த ஓர் இனத்திலிருந்தே அது மனிதரால் உருவாக்கப்பட்டது. கிறிஸ்துவுக்கு முற்பட்ட இரண்டாம் நூற்றாண்டிலேயே உரோம அறிஞர் கேட்டோ தமது வேளாண்மை நூலில் இதனை மரக்கறிகளுள் முதன்மையானதாகவும், பல நோய்களுக்கு மருந்தாகவும் புகழ்ந்துள்ளார். எனினும் இலைகள் ஒன்றையொன்று இறுகப் போர்த்திய இன்றைய உருண்டை வடிவம் இடைக்கால ஐரோப்பாவிலேயே நிலைபெற்றது. பூக்கோவாவும் நோக்கோலும் இதே தாவர இனத்தின் வேறு வடிவங்களே என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இலங்கையில் ஆண்டது கரையோரத்தை. குளிர்ந்த மத்திய மலைநாடு கண்டி மன்னர்களின் கையில் இருந்தது. 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்த பின்னரே மலைநாடு ஐரோப்பியர் வசமாயிற்று. ஆகவே பெயர் கரையில் இறங்கியதென்றால், காய் பெருமளவில் வேரூன்றியது நெடுங்காலத்தின் பின்னர் மலையில்தான்.

அந்த மலைக்கதையில் பொதுவாகச் சொல்லப்படும் பெயர் சாமுவேல் பேக்கர். பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று புகழ்பெற்ற அதே பேக்கர்தான். 1847இல் காய்ச்சலால் நலிந்திருந்த அவர், உடல் தேறுவதற்காக நுவரெலியா சென்றார். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள அந்தப் பள்ளத்தாக்கின் குளிரில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே அமைத்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. 1848இல் இங்கிலாந்திலிருந்து குடியேறிகள், கொல்லர், கால்நடைகள், வேட்டை நாய்கள், விவசாயக் கருவிகள் என்று ஒரு கப்பலை நிரப்பிக்கொண்டு வந்தார். 1855இல் வெளிவந்த தமது நூலில் அவர் பட்ட இன்னல்களை விரிவாக எழுதியுள்ளார். மண் எதிர்பார்த்த அளவு வளமானதாக இல்லை. எருவின்றி எதுவும் விளையவில்லை. காட்டு விலங்குகளும் புழுக்களும் பயிரை அழித்தன. அதே ஆண்டில் அவர் இலங்கையைவிட்டு நீங்கிவிட்டார். ஆனால் ஐரோப்பிய மரக்கறி அந்த மலையில் விளையும் என்பது தெரிந்துவிட்டது.

விளைந்தது பட்டணத்துக்கு வரவேண்டுமே! 1867இல் கண்டியைத் தொட்ட புகையிரதப் பாதை 1885இல் நானுஓயாவை அடைந்தது. அது போடப்பட்டது முதலில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும்தான். ஆயினும் கோவாவும் அதில் ஏறிக்கொண்டது. 1905இல் வடக்குப் பாதை முழுமையடைந்தபோது நானுஓயாவும் காங்கேசன்துறையும் ஒரே தண்டவாளத்தால் இணைந்தன. வெள்ளைக்காரத் துரையின் மேசைக்காக விளைந்த காய், யாழ்ப்பாணத்துச் சட்டிக்குள் விழும் வழி இவ்வாறு திறந்தது.

அந்த வழியில் என் தந்தையாரும் பயணித்தார். எழுபதுகளில் அவர் நானுஓயாவில் அரசாங்க எழுதுவினைஞராக இருந்தார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை விடுமுறையில் வருவார். மலைநாட்டுப் புகையிரதத்தில் பொல்காவலை வரை வந்து, அங்கு இறங்கிக் காத்திருந்து, வடக்கே செல்லும் வண்டியில் ஏறுவார். கையில் பனையோலை உமல். அதற்குள் கோவாவும் லீக்சும் கரட்டும். நசுங்காதிருப்பதற்காகக் கோவாவின் வெளியிலைகளை அகற்றாமல் அப்படியே கொண்டுவருவார். எமது ஊர்த் தோட்டங்களிலும் மார்கழி, தைக் குளிரில் கிணற்று நீர் பாய்ச்சிக் கோவா பயிரிடுவார்கள்தான். ஆனால் ஆடி மாதத்தில் கோவா என்பது எமது ஒழுங்கையில் ஓர் அதிசயம். அம்மா அதனை நான்காகப் பிளப்பார். "தம்பி, இதைக் கொண்டுபோய் மாமி வீட்டில குடுத்திட்டு ஓடி வா" என்று முதற் பங்கை என் கையில் தருவார்.

மீதியில் வறை. அதனை எப்படிச் செய்வார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோவாவைக் கழுவி நீரை நன்கு வடியவிட்டு, நூல்போல் மெல்லியதாக அரிந்துகொள்வார். தாச்சியில் சிறிது தேங்காயெண்ணெய் விட்டு, கடுகு, பெருஞ்சீரகம், பிய்த்த செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம் தாளிப்பார். அதற்குள் கோவாவையும் உப்பையும் மஞ்சளையும் இட்டுக் கிளறுவார். ஒரு சொட்டு நீரும் விடமாட்டார், மூடவும் மாட்டார். கோவா வாடி, ஆனால் பல்லுக்குச் சற்றே தட்டுப்படும் பதத்தில் ஒரு கை தேங்காய்ப்பூவைத் தூவி இரண்டு பிரட்டுப் பிரட்டி இறக்கிவிடுவார். ஆறிய பின்னர் அரைத் தேசிக்காய். பத்து நிமிட வேலை.

இதில் ஓர் அறிவியலும் இருக்கிறது. கோவாவில் கந்தகச் சேர்மங்கள் உள்ளன. நீரில் நெடுநேரம் அவித்தால் அவை சிதைந்து துர்நாற்றம் எழும். ஆங்கிலேயரின் அவித்த கோவா அவர்களுடைய பாடசாலை விடுதிகளிலேயே இகழப்பட்டதற்குக் காரணம் இதுதான். விரைவாக வறட்டி எடுக்கும்போது அந்த நாற்றம் எழ அவகாசமில்லை. முருங்கையிலையையும் பிற கீரைகளையும் தேங்காய்ப்பூவுடன் வறை செய்யும் முறை எமக்குப் பழையது. சிங்கள மக்களின் மல்லும் என்பதும் அதற்கு நெருங்கிய உறவே. புதிதாக வந்த காய் எமது பழைய சட்டியில் அமர்ந்துகொண்டது. அந்த வகையில், கோவாவைக் கொணர்ந்தவர்களைவிட அதனைச் சமைக்கத் தெரிந்தவர்கள் நாமே என்று நான் பெருமைப்பட்டதுண்டு.

அந்தப் பெருமையைத் திருத்தியது 1983.

அவ்வாண்டு ஜூலை 27ஆம் திகதி நுவரெலியா நகரம் எரிந்தது. தமிழருடைய கடைகளும் வீடுகளும் தீக்கிரையாயின. தந்தையாரைப் பற்றி எமக்கு எந்தச் செய்தியும் இல்லை. ஓகஸ்டில் ஒருநாள் அவர் வந்திறங்கினார். கையில் உமல் இல்லை. உடுத்த உடையைத் தவிர வேறெதுவும் இல்லை. பல நாட்களின் பின்னரே வாய் திறந்தார். நானுஓயாவுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயன் அறையில் ஒரு குடும்பம் அவரை இரண்டு இரவுகள் மறைத்துவைத்திருந்தது. ஒரே அறை, ஆறு பேர், ஏழாவதாக இவர். தங்களுக்கும் அதே ஆபத்து என்பதை அறிந்தே அவர்கள் கதவைத் திறந்திருக்கிறார்கள். இரண்டு நாளும் சோறும், லயனின் பின்புறத் துண்டு நிலத்தில் வெட்டிய கோவாவும் கொடுத்தார்கள் என்றார்.

யார் அவர்கள்? அந்தத் தண்டவாளத்தின் இரு மருங்கிலுமுள்ள தேயிலை மலைகளைத் தமது உழைப்பால் உருவாக்கிய மக்களின் வழித்தோன்றல்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். நாடற்றிருந்தோரின் பிரச்சினைக்குச் சட்டரீதியான முழுத் தீர்வு 2003ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலமே கிட்டியது. என் தந்தையாரைக் காத்த குடும்பத்தின் தலைவருக்கு 1983இல் எந்த நாட்டின் பிரஜாவுரிமையும் இருக்கவில்லை. பிரஜாவுரிமை பெற்ற ஓர் அரசாங்க உத்தியோகத்தரை, நாடற்ற ஒரு தொழிலாளி காப்பாற்றினார்.

யாழ்ப்பாணத்தவரான எம்மில் பலர் அம்மக்களை ஒருபடி கீழாகவே நோக்கிவந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. "பத்து வருசம் அவையளிட்டைக் கோவா வாங்கினன், ஒருநாளும் வீட்டுக்குள்ள போனதில்லை" என்று தந்தையார் ஒருமுறை கூறினார். அதற்குமேல் அவர் எதுவும் கூறவில்லை. மலைநாட்டுக்கு அவர் மீண்டும் செல்லவுமில்லை.

1990இல் வடக்குப் பாதையும் நின்றது. பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாட்டுக்கு யூரியா வருவது தடுக்கப்பட்டது. எரிபொருளின்றி நீரிறைக்கும் இயந்திரங்கள் உறங்கின. கோவா வெப்பநாட்டில் இலகுவில் பூப்பதில்லை. பல வாரங்கள் நீடிக்கும் கடுங்குளிர் பட்டால்தான் விதை தரும். ஆகவே கோவா விதைக்கு நாம் எப்போதும் பெரும்பாலும் பிறநாடுகளையே நம்பியிருந்தோம். வழி அடைபட்டதும் விதையும் அரிதாயிற்று. முருங்கையிலை வறை எம்மைக் காத்தது. 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது, தெற்கிலிருந்து வந்த லொறி ஒன்றிலிருந்து கோவா இறக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டு அம்மா சந்தையில் நெடுநேரம் நின்றார்.

2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரென்று தடைசெய்யப்பட்டபோது நான் செய்தி சேகரிப்பதற்காகக் கந்தப்பளைப் பக்கம் சென்றிருந்தேன். வாடிய கோவாப் பாத்திகளின் நடுவே நின்ற விவசாயி ஒருவர், "உரம் இல்லாம இந்த மண்ணுல என்னங்க ஐயா விளையும்?" என்று கேட்டார். பேக்கர் 1855இல் எழுதியதும், குடாநாட்டு விவசாயி தொண்ணூறுகளில் கேட்டதும் அதே கேள்விதான். நவம்பரில் அரசாங்கம் தடையை நீக்கியது. ஆனால் அந்தப் போகம் பலருக்குத் திரும்பிவரவில்லை. அவர் பயிரிட்ட நிலமும் அவருடைய சொந்த நிலமன்று. தோட்டத்துக்கு உரிய நிலம். பிரஜாவுரிமை கிடைத்த பின்னரும் காணியுரிமை கிடைக்காதோர் அம்மலைகளில் இன்றும் பல்லாயிரவர்.

என் நண்பரின் கேள்விக்கு இப்போது விடை கூறலாம். பெயரைப் போர்த்துக்கேயர் தந்தனர். மலையில் நட்டுப் பார்த்தவர்கள் ஆங்கிலேயர். விதை பெரும்பாலும் கடல்கடந்து வருகிறது. வறை எமது அம்மாமாரின் கைப்பக்குவம். ஆனால் பனியில் குனிந்து நின்று அதனை விளைவித்துத் தந்தவர்களுடைய பெயர் எந்தச் சொல்லிலும் ஒட்டவில்லை.

தந்தையாருக்குப் புகலிடம் கொடுத்த குடும்பத்தைப் பின்னாளில் இருமுறை தேடிச் சென்றேன். அந்த லயன் இருந்த இடத்தில் வேறு குடும்பங்கள் இருந்தன. அவர்கள் ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போய்விட்டிருக்கலாம் என்று ஒரு முதியவர் கூறினார். திரும்பும்போது அவர் தமது பாத்தியிலிருந்து ஒரு கோவாவை வெட்டி, வெளியிலைகளை அகற்றாமல், என் கையில் தந்தார். விலை கேட்டேன். "அட, கொண்டு போங்க ஐயா" என்றார்.