அன்னாசி

புரோமெலியேசியே குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுச் செடி. தாவரவியல் பெயர் அனனாஸ் கோமோசஸ். தாயகம் தென் அமெரிக்கா. ஒற்றைப் பழமாகத் தோன்றுவது, நூற்றுக்கும் மேற்பட்ட பூக்கள் நடுத்தண்டோடு ஒட்டித் திரண்ட கூட்டுக்கனி. தோலில் தெரியும் கண் ஒவ்வொன்றும் ஒரு பூ இருந்த இடம்.

தன் இனத்தின் மகரந்தத்தையே அன்னாசி ஏற்பதில்லை. அதனால் ஒரே இனம் பயிராகும் தோட்டத்தில் பழத்தில் விதை இராது. கொண்டையையோ பக்கக் கன்றையோ பிடுங்கி நட வேண்டும். எனவே இதன் வரலாறு பெரும்பாலும் கன்று சுமந்தவர்களின் வரலாறு. 1493-இல் கொலம்பஸ் குவாதலூப் தீவில் இதைப் பார்ப்பதற்கு வெகுமுன்பே அமெரிக்கப் பழங்குடிகள் கரீபியன் தீவுகள்வரை கொண்டுசென்றிருந்தனர். பகலில் இலைத்துளைகளை மூடி, இரவில் திறந்து கரியமில வாயுவை ஈர்க்கும் செடி இது; பிடுங்கிய கன்று எளிதில் வாடாது. நீண்ட கடற்பயணத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இந்தியாவுக்கு 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கொண்டுவந்தனர். ஆக்ரா தோட்டத்தில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் விளைவதாக ஜஹாங்கீர் தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அப்போது ஐரோப்பியப் பிரபுக்களுக்கு இது எட்டாக்கனி. பிறகு கண்ணாடி மனைகளில் சூடேற்றி வளர்த்தார்கள். ஸ்காட்லாந்தின் டன்மோரில் கல்லாலேயே ஒரு பிரம்மாண்ட அன்னாசியைக் கட்டிடத்தின் உச்சியில் எழுப்பியிருக்கிறார்கள். செல்வச் செருக்கு என்பதைத் தவிர வேறு விளக்கம் தோன்றவில்லை.

இன்றைய வணிகப் பயிரின் முக்கியக் கிளை, சுவிட்சர்லாந்தில் பிறந்த தாவரவியலாளர் பெரோத்தே 1820 வாக்கில் பிரெஞ்சு கயானாவிலிருந்து எடுத்துச்சென்ற செடிகளிலிருந்து வந்தது. இலையோரத்தில் முள் அதிகமில்லாத இவ்வினம் இந்தியாவில் ‘கியூ’ எனப்படுகிறது. பெரோத்தே பின்னாளில் புதுச்சேரித் தாவரவியல் பூங்காவில் பணியாற்றி, அவ்வூரிலேயே காலமானார்.

ஹவாயில் ஜேம்ஸ் டோல் என்பவர் 1901-இல் அன்னாசி நிறுவனம் தொடங்கினார். 1911-இல் அங்கு ஜினாக்கா என்ற பொறியாளர் வடிவமைத்த இயந்திரம் தோல் சீவி, நடுத்தண்டையும் நீக்கியது. டின்னில் அடைத்த அன்னாசி உலகச் சந்தையைப் பிடித்தது.

அன்னாசித் தோட்டம் ஒரே சமயத்தில் பூக்காது. புகை பட்டால் செடி பூக்கும் என்பதை 19-ஆம் நூற்றாண்டில் அசோரஸ் தீவுகளின் கண்ணாடி மனைகளில் கண்டுகொண்டனர். காரணம் புகையிலுள்ள எத்திலீன். இன்று அதை வெளியிடும் எத்தஃபான் கரைசலைக் குருத்தில் ஊற்றுகிறார்கள்.

தமிழ்நாட்டில் கொல்லிமலை அன்னாசிக்குப் பெயர்பெற்றது. கேரளத்தின் வாழக்குளம் அன்னாசி புவிசார் குறியீடு பெற்றது. அங்கு இளம் ரப்பர் தோட்டங்களில் ஊடுபயிராக ‘மொரீஷியஸ்’ இனத்தை நடுகிறார்கள். மரங்கள் வளர்ந்து நிழல் கவியும்வரை சில ஆண்டுகளுக்கு அதுவே வருமானம்.