நுழைவும் உரிமையும்: கஹோஓலவே தீவு மீட்பு இயக்கம் குறித்த ஓர் ஆய்வு

இராணுவப் பயிற்சிக்காக மூடப்பட்ட நிலத்தைத் திறந்துவிடக் கோரும் இயக்கங்களின் வரலாற்றை எழுதுவோர், முதலில் போராட்டம், அடுத்துப் படையின் வெளியேற்றம், பின்னர் நிலத்தின் துப்புரவு, இறுதியில் மக்களின் நுழைவு என்ற வரிசையில் அதனை அமைப்பது வழக்கம். ஹவாய்த் தீவுக்கூட்டத்தில், மௌயித் தீவுக்குத் தென்மேற்கே சுமார் 117 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ள கஹோஓலவேயின் வரலாறு இவ்வரிசைக்குள் அடங்குவதில்லை. அமெரிக்கக் கடற்படை அங்கே குண்டு வீசுவதை நிறுத்தியது 1990இல். மக்கள் சட்டத்தின் ஒப்புதலோடு அங்கே முறையாகச் சென்றுவரத் தொடங்கியதோ 1980இல் பிறந்த நீதிமன்ற ஆணையின் வழியாக. குண்டுவீச்சு தொடர்ந்த அந்தப் பத்தாண்டுகளின் நுழைவே தீவின் மீட்சிக்கு அடித்தளமிட்டது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1941இல் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டதும் ஹவாயில் இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. அதுவரை மேய்ச்சல் பண்ணையாக இருந்த கஹோஓலவே முழுவதும் குண்டுவீச்சுப் பயிற்சிக் களமாயிற்று. போர் முடிந்த பின்னும் தீவு திரும்பவில்லை. 1953இல் குடியரசுத் தலைவர் ஐசனோவர் தம் நிர்வாக ஆணை ஒன்றால் அதைக் கடற்படையின் பொறுப்பில் வைத்தார். தேவை தீர்ந்தபின், மனிதர் வாழ்வதற்கு ஓரளவு பாதுகாப்பான நிலையில் தீவைத் திருப்பித்தர வேண்டும் என்ற நிபந்தனையும் அவ்வாணையில் இருந்தது. ஆனால் தேவை எப்போது தீரும் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் தேவைப்படுவோரிடமே விடப்பட்டிருந்ததால், அந்நிபந்தனை நடைமுறையில் உயிரற்றுக் கிடந்தது. 1965இல் அணுகுண்டின் அதிர்வலைகளைப் போர்க்கப்பல்கள் தாங்குமா என்று அறியும் பொருட்டு, 500 டன் வெடிமருந்து கரையோரத்தில் குவித்து வெடிக்கச் செய்யப்பட்டது. அன்று உண்டான பெரும் பள்ளம் இன்றும் கரையருகே நீர் நிரம்பிக் கிடக்கிறது.

1976 சனவரியில் தடையை மீறி ஒன்பது பேர் கரையேறியதோடு இயக்கம் தொடங்கியது. ‘ஓஹானா’ என்ற ஹவாய் மொழிச் சொல் குடும்பத்தைக் குறிக்கும். அச்சொல்லைத் தன் பெயரில் தாங்கிய ‘புரொடெக்ட் கஹோஓலவே ஓஹானா’ என்ற அமைப்பு, அத்துமீறி நுழைவதையும் வழக்காடுவதையும் ஒருங்கே நடத்தியது. 1977 மார்ச்சில் இயக்கத்தின் முன்னணியாளரும் பாடகருமான ஜார்ஜ் ஹெல்மும் அவருடைய தோழர் கிமோ மிட்செல்லும் தீவை ஒட்டிய கடலில் காணாமற்போயினர். இவ்விழப்பின் கனத்தை வெறும் சட்ட வரலாறாக எழுதப்படும் எந்த நூலும் உணர்த்திவிட முடியாது.

சுற்றுச்சூழல், வரலாற்றுச் சின்னப் பாதுகாப்பு, சமய உரிமை ஆகியவற்றின் அடிப்படையில் 1976இல் தொடரப்பட்ட வழக்கு, 1980இல் இசைவு ஆணையாக, அதாவது இருதரப்பும் ஒப்புக்கொண்டு நீதிமன்றம் முத்திரையிட்ட உடன்பாடாக, முடிந்தது. குண்டுவீச்சை அது தடுக்கவில்லை. ஆனால் தொல்லியல் கணக்கெடுப்பு நடத்தவும், மண்ணரிப்புக்குக் காரணமான ஆடுகளை அகற்றவும், தீவின் ஒரு பகுதியில் குண்டுகளைத் துப்புரவு செய்யவும், ஆண்டில் பத்து மாதங்கள் மாதத்திற்கு நான்கு நாள் மக்களை அனுமதிக்கவும் கடற்படையைக் கட்டுப்படுத்தியது. அன்று பலருக்கு இது தோல்வியாகவே பட்டிருக்கக்கூடும். பின்னோக்கிப் பார்க்கையில் இதுவே திருப்புமுனை. கணக்கெடுப்பில் கோயில்கள், மீனவர் வழிபாட்டிடங்கள், கற்கோடரி செய்வதற்குக் கல்லெடுத்த சுரங்கம் என 500க்கும் மேற்பட்ட தொல்லிடங்கள் வெளிப்பட, 1981இல் தீவு முழுவதும் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இடம்பெற்றது. பாழ்நிலம் என்று கூறிக் குண்டுவீசியவர்கள், அதன்பின் அவ்வாறு கூற வழியற்றுப் போயினர்.

அந்த நான்கு நாள்கள் எவ்வாறு கழிந்தன என்பது கவனத்திற்குரியது. தீவில் படகுத்துறை இல்லாததால், வருவோர் படகிலிருந்து கடலில் குதித்து நீந்தியே கரையேறுவர். நீர்புகாத பைகளில் கட்டிய உணவும் கருவிகளும் நீரில் வரிசையாக நிற்போரின் கைமாறிக் கரை சேரும். 1982இல், மழைக்கும் வேளாண்மைக்கும் உரிய தெய்வமான லோனோவைப் போற்றும் ‘மகாஹிகி’ என்னும் பருவச் சடங்கு அங்கே மீண்டும் தொடங்கப்பட்டது. வறண்டு சிவந்த மண்ணில் மழையை வேண்டி நிற்கும் இச்சடங்கும், நாட்டுமரங்களை நடும் உழைப்பும் ஒரே கடமையின் இரு பக்கங்களாகவே கொள்ளப்பட்டன. இவ்வாறு சென்றுவந்த ஆயிரக்கணக்கானோர், தீவுக்காகப் பேசும் தகுதியை நேரடி அறிவால் பெற்றனர்.

1990 அக்டோபரில் குண்டுவீச்சை நிறுத்த ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் பிறப்பித்த ஆணை, செனட் தேர்தலில் தம் கட்சி வேட்பாளரான பட்ரீஷியா சைகிக்குத் துணைபுரியும் கணக்கோடு வந்தது என்ற விளக்கம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும், ஆளில்லாத ஒரு தீவின் மீதான குண்டுவீச்சை நிறுத்துவது எவ்வாறு வாக்குகளை ஈர்க்கும் செயலாயிற்று என்ற கேள்விக்கு அவ்விளக்கத்தில் விடை இல்லை. பத்தாண்டு நுழைவு உருவாக்கிய பொதுக்கருத்தே அதற்கான விடை.

எந்த நுழைவும் இவ்விளைவைத் தரும் என்று கொள்வதற்கில்லை. இங்கிலாந்தின் டார்செட் பகுதியில், 1943 டிசம்பரில் மக்கள் வெளியேற்றப்பட்ட டைன்ஹம் சிற்றூரை உள்ளடக்கிய லல்வொர்த் பயிற்சிக் களத்தை விடுவிக்குமாறு அரசு அமைத்த நியூஜென்ட் குழு 1973இல் பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்காமல், 1975இல் நடைபாதைகளை மட்டும் திறந்துவிட்டது. களம் இன்றும் படையிடமே உள்ளது. பார்வையாளராக வருவோரின் நுழைவு, படையின் இருப்பைப் பொறுத்துக்கொள்ளத்தக்கதாக ஆக்கிவிடும். கஹோஓலவேயில் நுழைந்தவர்களோ பராமரிப்பவர்களாக நுழைந்தனர். அவர்களுடைய ஒவ்வொரு வருகையும் குண்டுவீச்சோடு நேரடியாக முரண்பட்டது.

1993இல் அமெரிக்க நாடாளுமன்றம் கஹோஓலவேயின் துப்புரவுக்கென 40 கோடி டாலர் ஒதுக்கியது. 1994இல் தீவு ஹவாய் மாநிலத்திற்கு மாற்றப்பட்டது. 2004இல் கடற்படை பணியை முடித்து விலகியபோது, நிலப்பரப்பில் சுமார் நான்கில் மூன்று பங்கே மேற்பரப்பு அளவில் துப்புரவாகியிருந்தது. நான்கு அடி ஆழம்வரை தோண்டிச் சோதிக்கப்பட்டது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மட்டுமே. 1953இன் வாக்குறுதியோடு ஒப்பிட்டால் இது வெளிப்படையான கடமைத் தவறு என்றே சொல்ல வேண்டும். வெடிக்காத குண்டுகள் எஞ்சியுள்ளமையால் அனுமதியும் வழிகாட்டியும் இன்றி இன்றும் எவரும் அங்கே நடமாட இயலாது. எனினும், வணிகப் பயன்பாட்டை அறவே தடைசெய்து, எதிர்காலத்தில் அமையவிருக்கும் இறையாண்மை பெற்ற ஹவாய்ப் பூர்வகுடி அமைப்பிடம் ஒப்படைக்கும்வரை தீவைப் பொறுப்புரிமையாகக் காக்குமாறு மாநிலச் சட்டம் விதித்திருப்பது, 1980இல் நான்கு நாள்களாகத் தொடங்கிய உரிமை எவ்வளவு தொலைவு வளர்ந்துள்ளது என்பதற்குச் சான்றாகிறது.