தோள் நாணைத் தைத்த வரலாறு

தர்மபுரத்து உழவர் ஒருவர் நெல் மூட்டையைத் தூக்குங்கால் தோளில் ஏதோ அறுந்தாற்போல் உணர்கிறார். மறுநாள் கை தலைக்குமேல் எழ மறுக்கிறது. நம்மவர் இதைச் சுளுக்கு என்று கொண்டு எண்ணெய் தடவிக் காலங் கழிப்பர். ஆனால் பல வேளைகளில் அங்கே நேர்ந்திருப்பது வேறு. தோட்பட்டையிலிருந்து புறப்படும் நான்கு தசைகள், நாண்களாகத் திரண்டு, புயவென்பின் தலையைத் தொப்பிபோற் கவிந்து பற்றியிருக்கின்றன. அந்நாண் என்பிலிருந்து அறுந்திருக்கலாம்.

மானிப்பாயில் மருத்துவம் புரிந்த சாமுவேல் கிறீன், 1867இல் 'இரண வைத்தியம்' என்னும் நூலைத் தமிழிற் பெயர்த்தளித்தார். தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே மேல்நாட்டு மருத்துவத்தைப் பயிற்றியவர் அவர். அந்நாளில் தோள் நாணைத் தைக்கும் முறை வேரூன்றியிருக்கவில்லை. கிறீன் பிறந்த அதே மசாச்சுசெற்ஸ் மாநிலத்திலேதான், பொஸ்டன் நகரத்து ஏர்ணெஸ்ற் கொட்மன் 1909இல் அறுந்த நாணைத் தைத்து, 1911இல் அதனை எழுதி வெளியிட்டார்.

நேயர்களே, கொட்மன் கைத்திறனைவிட அவருடைய பிடிவாதமே என்னை ஈர்க்கிறது. சிகிச்சை பெற்ற ஒவ்வொருவரையும் ஓராண்டின்பின் மீண்டும் அழைத்துப் பார்க்க வேண்டும். குணம் நிலைக்கவில்லையெனின் ஏன் என்று எழுதிவைக்க வேண்டும் என்றார். சக வைத்தியர் பலர் இதனை விரும்பினாரில்லை. அவரோ தாம் நடத்திய சிறு மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை சிகிச்சை பெற்ற 337 பேரிடத்து நேர்ந்த 123 பிழைகளைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார்! அத்தகைய துணிவு எத்துறையிலும் அரிது.

பின்னர் முறைகள் பெருகின. 1944இல் மக்லாக்லின், என்பிலே பள்ளம் வெட்டி நாணை அதனுட் பதித்து, என்பினூடே நூலிட்டுக் கட்டும் முறையை விளக்கினார். 1972இல் சார்ள்ஸ் நீயர், நாணுக்கு மேலிருக்கும் என்புமுனையின் அடிப்புறத்தைச் செதுக்கி இடந்தரும் முறையை எழுதினார். மூட்டினுட் குழாய்விட்டுப் பார்க்கும் கலையோ, ஜப்பானியரான தக்காகி 1918இல் முழங்காலில் தொடங்கிவைத்தது. நூற்றாண்டின் இறுதியில் அது தோளுக்கும் வந்தது. சிறு துளைகளின் வழியே ஆணி போன்ற பிடிகளை என்பில் இறுக்கி, அவற்றின் நூலால் நாணைக் கட்டுகின்றனர். தழும்பு சிறிது, மேல்தசையை அகலப் பிரிக்க வேண்டுவதில்லை.

அப்படியாயின் புதியதே சிறந்ததா? கொட்மன் கேட்டிருக்கக்கூடிய அக்கேள்வியைப் பிரித்தானிய மருத்துவர்கள் 273 நோயாளரிடம் ஆராய்ந்து, 2017இல் முடிவை வெளியிட்டனர். இரண்டாண்டின்பின், திறந்து தைத்தவர்க்கும் துளைவழி தைத்தவர்க்கும் நோவிலும் கையின் பயன்பாட்டிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இருசாராரிலும் பலருக்கு நாண் மீண்டும் கிழிந்திருந்தது.

ஆதலின் நம் உழவர் கருவியின் புதுமையை விசாரிப்பதிலும் காலத்தை விசாரிப்பது நன்று. வயதினால் மெல்லத் தேய்ந்த நாணுக்குப் பயிற்சியே பலருக்குப் போதும். தைப்பதாயின், கை சில வாரங்கள் தூக்குக்கட்டில் இருக்கும். மூட்டை தூக்கப் பல மாதங்கள் செல்லும். அறுவடை முடிந்தபின் நாட்குறிப்பது பொருந்தும். ஆனால் விழுந்தோ பாரந்தூக்கியோ திடீரென அறுந்த நாணுக்கு அந்தத் தவணை இல்லை. நாட்செல்லச் செல்லத் தசை சுருங்கிக் கொழுப்பாக மாறும்; பின்னர் இழுத்துக் கட்ட நாண் எட்டாது. காலபோகம் நடுவில் நின்றாலும் அவர் கிளிநொச்சிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ உடனே புறப்பட வேண்டியவரே.