சண்டிகர் அறைகலன்களும் மீட்டமைப்புத் திட்டமும்

முன்னுரை

பழைய மர அறைகலன்களை மீட்டமைக்கும் பணி தச்சர்தம் கைத்திறன் சார்ந்ததாகவே பெரிதும் கருதப்படுகின்றது. எனினும் உளி மரத்தைத் தொடுவதற்கு முன்னர் எடுக்கப்படும் முடிவுகளே அப்பொருளின் வரலாறு நிலைபெறுவதையும் அழிவதையும் உறுதிசெய்கின்றன. சண்டிகர் நகருக்கென 1950களிலும் 1960களிலும் உருவாக்கப்பட்ட அறைகலன்களின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அவ்வரலாற்றின் வழி, மீட்டமைப்புத் திட்டம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

தோற்றம்

1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்கு உரியதாயிற்று. இந்தியப் பஞ்சாபிற்குப் புதிய தலைநகர் வேண்டியிருந்தது. அதனை வடிவமைக்கும் பொறுப்பு லெ கொர்பூசியேயிடம் அளிக்கப்பட்டது. அவருடைய உறவினரும் கட்டடக் கலைஞருமான பியர் ழான்னரே 1951 முதல் 1965 வரை சண்டிகரில் தங்கிப் பணியாற்றினார். தலைமைச் செயலகம், உயர்நீதிமன்றம், பல்கலைக்கழகம், அரசுக் குடியிருப்புகள் ஆகியவற்றிற்கு ஆயிரக்கணக்கான நாற்காலிகளும் மேசைகளும் அலமாரிகளும் தேவைப்பட்டன. யூலி சௌத்ரி முதலிய இந்தியக் கட்டடக் கலைஞர்களும் இவற்றின் வடிவமைப்பில் பங்கேற்றனர்.

தேக்கு, சீசம் ஆகிய மரங்களும் பின்னிய பிரம்பும் இவற்றின் முதன்மைப் பொருள்கள். கவிழ்த்து வைத்த ‘V’ எழுத்துப் போன்ற கால்கள் இவற்றின் தனியடையாளம். இவை ஒரே ஆலையில் வார்த்தெடுத்தாற்போல் செய்யப்பட்டவை அல்ல. உள்ளூர்ப் பட்டறைகளில் தச்சர்கள் கையால் செய்தவை. ஆதலின் ஒரே வடிவமைப்பைச் சார்ந்த இரு நாற்காலிகளிடையேயும் அளவிலும் இணைப்பிலும் வேறுபாடுகள் காணப்படுகின்றன.

புறக்கணிப்பும் விலையேற்றமும்

பல்லாண்டுப் பயன்பாட்டில் கால் முறிந்தும் பிரம்பு அறுந்தும் போன அறைகலன்கள் அலுவலகங்களின் மொட்டைமாடிகளிலும் முற்றங்களிலும் குவிக்கப்பட்டன. பின்னர்க் கழிவுப் பொருள்களாக ஏலம் விடப்பட்டன. 1990களின் இறுதியிலிருந்து பிரெஞ்சு வணிகர்கள் இவற்றை வாங்கிச் சென்று, செப்பனிட்டு, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெருவிலைக்கு விற்றனர்.

2011இல் இந்திய உள்துறை அமைச்சகம் இவற்றின் விற்பனையைத் தடுத்துப் பாதுகாக்குமாறு ஆணையிட்டது. பின்னர் மரபுப் பொருள்களைக் கணக்கெடுத்த குழு 12,793 பொருள்களைப் பட்டியலிட்டது. எனினும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம், இத்தகைய பொருள்கள் தொல்பொருள் எனப்படுவதற்கு நூறாண்டு அகவையை வேண்டுகின்றது. 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கையும் அறைகலன்களுக்கு நூறாண்டு எல்லையையே வகுத்துள்ளது. சட்டம் அகவையை அளக்கின்றது. வரலாற்றுச் சான்றாகும் தகுதியை அளப்பதில்லை. இவ்விடைவெளியிலேயே சண்டிகர் அறைகலன்கள் நாட்டைவிட்டு வெளியேறின எனலாம்.

மீட்டமைப்பில் அழிவன

ஏற்றுமதியால் ஏற்பட்ட இழப்பு கண்ணுக்குப் புலனாவது. செப்பனிடுவதால் ஏற்படும் இழப்போ எளிதில் புலனாவதில்லை. பழைய மெருகைச் சுரண்டி, மேற்பரப்பைத் தேய்த்து, பிரம்பை மாற்றி, முறிந்த உறுப்புகளுக்குப் புதியன பொருத்தும்போது நாற்காலி பொலிவு பெறுகின்றது. அதே வேளையில் இழைப்புளியின் தடம், கைபட்டுத் தேய்ந்த விளிம்பு, முந்தைய பழுதுநீக்கத்தின் சுவடு ஆகியன மறைந்துவிடுகின்றன.

அறைகலன்களின்மீது வண்ணத்தால் எழுதப்பட்ட அலுவலகப் பெயரும் எண்ணும் இவ்வகையில் தனியே கருதத்தக்கன. ஒரு நாற்காலி எந்தக் கட்டடத்தில், எந்தத் துறையின் உடைமையாக இருந்தது என்பதை அவையே உணர்த்துகின்றன. விலை உயர்ந்தபின் போலிகளும் பெருகின. எழுத்துகளைப் போலியாகவும் எழுதவியலும். ஆதலின் எழுத்து மட்டும் போதிய சான்றாகாது. மரத்தின் இயல்பு, இணைப்பு முறை, கருவித் தடம், அரசுப் பதிவேடு ஆகியவற்றோடு ஒப்பிட்டே அதன் உண்மையைத் துணிதல் வேண்டும். தேய்த்து மெருகிடப்பட்ட பொருளில் இவ்வொப்பீடு அரிதாகிவிடுகின்றது.

திட்டத்தின் படிநிலைகள்

முதற்படி ஆவணப்படுத்தல். அளவு, எழுத்து, இணைப்பு, பழுது ஆகியவை பொருளைப் பிரிப்பதற்கு முன்பே படமாகவும் குறிப்பாகவும் பதியப்பெறுதல் வேண்டும்.

இரண்டாவது நிலையாய்வு. பூச்சித்துளைகளில் புதிய மரத்தூள் உதிர்கின்றதா, உளுத்தல் வெளிமரத்தோடு நின்றதா வைரம்வரை சென்றதா, கழுந்து தளர்ந்ததா முறிந்ததா என்பன வேறுபடுத்தி அறியப்பட வேண்டும். தளர்ந்த கழுந்திற்கு ஒட்டுதலே போதும். காலையே மாற்ற வேண்டுவதில்லை.

மூன்றாவது, பொருளின் எதிர்காலப் பயன்பாட்டைத் துணிதல். அலுவலகத்தில் தொடர்ந்து பயன்படும் நாற்காலி அமர்வோரின் எடையைத் தாங்க வேண்டும். பிரம்பு தேய்ந்து மாற்றப்படும் இயல்பினது. ஆதலின் அங்குப் புதுப்பிரம்பு பின்னுதல் பொருந்தும். அருங்காட்சியகத்தில் வைக்கப்படும் நாற்காலியிலோ அறுந்த பிரம்பும் சான்றேயாகும்.

நான்காவது, பொருள் தேர்வு. வச்சிரப் பசை நீராலும் வெப்பத்தாலும் இளகும். அவலரக்கு மெருகு சாராயத்தில் கரையும். பிற்காலத்தார் தேவையெனில் இவற்றை நீக்கவியலும். எப்பாக்சிப் பசையும் பாலியூரித்தேன் பூச்சும் இறுகியபின் அவ்வாறு எளிதில் நீங்கா. நீக்கத்தக்க பொருளைத் தேர்தல் என்பது, இன்றைய முடிவு பிழையாயின் நாளை திருத்த வழி விடுவதாகும்.

இறுதியாக, சேர்க்கப்பட்ட ஒவ்வோர் உறுப்பும் பழையதினின்று வேறுபடுத்தி அறியத்தக்கதாய் இருத்தல் வேண்டும். கட்டடங்களுக்கென 1964இல் உருவான வெனிசு சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நின்றுவிட வேண்டும் என வலியுறுத்துகின்றது. இந்நெறி தமிழ்ப் பதிப்புத் துறைக்குப் புதியதன்று. உ.வே.சாமிநாதையர் 1904இல் பதிற்றுப்பத்தைப் பதிப்பித்தபோது, கிடைக்காத முதற்பத்தையும் பத்தாம் பத்தையும் இட்டு நிரப்ப முயலாது, கிடைத்த எட்டுப் பத்துகளையே வெளியிட்டமை ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

முடிவுரை

வடிவமைத்தோர் பெயர்கள் நூல்களிலும் ஏலப் பட்டியல்களிலும் நிலைபெற்றுள்ளன. அறைகலன்களைச் செய்த தச்சர்களுள் மிகப் பலர் பெயரின்றியே மறைந்தனர். ஒரு நாற்காலிக்கும் மற்றொன்றிற்கும் இடையே காணப்படும் சிறு அளவு வேறுபாடும் உளித்தடமுமே அவர்கள் விட்டுச்சென்ற கையொப்பம். எல்லா நாற்காலிகளையும் ஒரே அளவிற்கும் ஒரே மெருகிற்கும் கொணரும் செப்பனிடுதல் அக்கையொப்பத்தை அழித்துவிடுகின்றது. அதனைக் காப்பதற்குரிய இடம் பட்டறையன்று. பட்டறைக்குச் செல்லுமுன் எழுதப்படும் திட்டமேயாகும்.