தேரி மணலில் கிடந்த கல்

பாலைவனம் என்றவுடன் சகாராவும் அரேபியாவும் நம் நினைவுக்கு வருகின்றன. அத்தகைய மணற்காடு பழைய திருநெல்வேலிச் சீமையிலேயே உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

தாமிரபரணி கடலிற் கலக்கும் புன்னக்காயல் என் இருப்பிடம். கழிமுகத்து நீரையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, திருச்செந்தூர் வழியாகக் காயாமொழி சென்று குதிரைமொழித் தேரியில் ஏறினால் வேறோர் உலகம் தோன்றும். எங்கும் செக்கச் சிவந்த மணல்மேடுகள். இடையிடையே பனையும், குடை விரித்தாற்போன்ற உடைமரமும். ஆனி, ஆடியில் மேல்காற்று வீசுங்கால், நேற்று நடந்த தடம் இன்று இராது. வெயில் ஏறிவிட்டால் வெறுங்காலுடன் நடக்க இயலாது. நானோ செருப்பைக் கையிற் பிடித்துக்கொண்டு நடந்து அதனை அறிந்தவன்! இத்தகைய இடத்தில் அருஞ்சுனை காத்த ஐயனார் கோயிலருகே நீர்ச்சுனையும் உண்டு. பெய்த மழையை மணல் உறிஞ்சி அடியில் தேக்கிவைத்து, பள்ளத்தில் ஊற்றாக விடுகிறது.

மணல் சிவந்தது இரும்பினால். ஒவ்வொரு துகளின் மேலும் இரும்புத் துரு மெல்லிய பூச்சாகப் படிந்துள்ளது. இந்தப் பூச்சுத்தான் ஒரு பழங்கதையைத் திறக்கும் சாவியாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இராபர்ட் புரூஸ் புட் என்னும் நிலவியல் அறிஞர் சாயர்புரத்துத் தேரியில் சின்னஞ்சிறு கற்கருவிகளைக் கண்டார். பின்னர் சாய்னர் என்ற பேராசிரியரும் பிரிட்ஜெட் ஆல்சின் அம்மையாரும் தேரிகளை ஆராய்ந்து 1956இல் கட்டுரை வெளியிட்டனர். வெங்கச்சங்கல்லிலும் சிக்கிமுக்கியை ஒத்த கல்லிலும் செய்த விரல்நுனியளவுக் கருவிகள் அவை. பல கருவிகளில் மணலின் செம்மையே படிந்திருந்தது. மணல் சிவந்த பிறகு வந்தவர் போட்ட கல்லாயின் அந்தக் கறை ஏறியிராது. ஆகவே மணல் சிவக்குமுன்பே மனிதர் இங்கு வாழ்ந்தனர் என்று அவர்கள் கண்டனர். அக்காலத்தைக் கி.மு. 4000 அளவில் வைத்தனர். துகள்கள் கடைசியாக வெயில் கண்ட காலத்தை அளக்கும் முறை பின்னர் வந்தது. கடலோரச் செம்மணல், சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 5,600 ஆண்டுகளுக்கு முன்புவரை குவிந்தது என்று அம்முறை கூறுகிறது. ஆதிச்சநல்லூர்த் தாழிகளின் பெருமையை உலகறியும். அவற்றினும் மூத்தவை இக்கற்கள்.

இனி என் பிழையைச் சொல்லவேண்டும். தேரியை அடுத்த ஒரு பள்ளியில் ஆசிரியனாயிருந்த நாளில், பனையேறுவார் வீட்டுச் சிறுவன் ஒருவன் கையளவு கற்களைக் கொண்டுவந்தான். “ஐயா, தேரியிலே கிடந்தது, கத்தி மாதிரி வெட்டுது” என்றான். அன்று நான் எகிப்து நாட்டுப் பிரமிடுகளை நடத்திக்கொண்டிருந்தேன். “சரளைக்கல்லப்பா, எறிந்துவிட்டு வந்து உட்கார்” என்றேன். அக்கட்டுரை வெளிவந்து முப்பதாண்டுகள் கடந்திருந்தன. நான் அதனை அறிந்திலேன்.

சென்ற பங்குனியில் மீண்டும் தேரிக்குச் சென்றேன். மழைநீர் அரித்த ஓடையோரம் அத்தகைய கல்லொன்று கிடந்தது. குனிந்து நெடுநேரம் பார்த்தேன், எடுக்கவில்லை. எந்தப் படுகையில் கிடக்கிறது என்பதைக் கொண்டே அதன் வயதைக் கணிப்பார்கள். எடுத்துவந்தால் என் மேசைமேல் அது வெறுங்கல். திரும்பும் வழியில் அப்பள்ளியையும் பார்த்தேன். அச்சிறுவன் கற்களை எறிந்த வேலியோரத்தில் இப்போது வகுப்பறைகள் கட்டியிருக்கிறார்கள்.