லண்டன் – சிட்னி: வான்வழிப் பயணத்தின் நூறாண்டு

லண்டனுக்கும் சிட்னிக்கும் இடையிலான வான்வழித் தொலைவு ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர். இவ்வழியில் விமானம் ஓட்டத் தூண்டியது ஒரு பரிசுதான். பிரிட்டனிலிருந்து 30 நாளுக்குள் ஆஸ்திரேலியாவுக்குப் பறந்து வந்து சேரும் ஆஸ்திரேலிய விமானிகளுக்கு 10,000 பவுண்டு தருவதாக 1919-இல் ஆஸ்திரேலிய அரசு அறிவித்தது. ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்கள் இரண்டு மெக்கானிக்குகளுடன் நவம்பர் 12 அன்று லண்டனை அடுத்த ஹவுன்ஸ்லோவிலிருந்து புறப்பட்டு, டிசம்பர் 10 அன்று டார்வினில் இறங்கினர். 28 நாளில் அவர்கள் வானில் இருந்தது சுமார் 135 மணி நேரமே. மீதியெல்லாம் எரிபொருள் நிரப்பவும் பழுது பார்க்கவும் இரவு தங்கவும் சரியாகப் போயிற்று. வழியில் ஜாவா தீவின் சுரபாயாவில் சக்கரங்கள் சேற்றில் புதைந்தன. உள்ளூர் மக்கள் மூங்கில் பாய்களைக் கொண்டுவந்து விரித்து ஓடுபாதை அமைத்துக் கொடுத்த பிறகே விமானம் கிளம்ப முடிந்தது.

1935-இல் பயணிகள் சேவை தொடங்கியபோது லண்டனிலிருந்து பிரிஸ்பேன் போய்ச் சேரப் பன்னிரண்டரை நாளானது. அதிலும் பாரிஸிலிருந்து இத்தாலியின் பிரிண்டிசி துறைமுகம் வரை ரயிலில்தான் போக வேண்டியிருந்தது. 1938-இல் வந்த நீர்விமானங்கள் சிட்னி வரையிலான பயணத்தைச் சுமார் பத்து நாளாகக் குறைத்தன.

1942-இல் சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்ததும் இந்த வழி அறுந்தது. அதை மீண்டும் இணைத்தது இலங்கை. 1943 முதல் 1945 வரை பெர்த்துக்கும் காலிக்கு அருகிலுள்ள கொக்கல ஏரிக்கும் இடையே காட்டலினா நீர்விமானங்கள் இந்தியப் பெருங்கடலை நில்லாமல் கடந்தன. எதிரிக்குத் தெரியாதிருக்க வானொலியை நிறுத்திவிட்டு, விண்மீன்களைப் பார்த்தே திசையறிந்தனர். எரிபொருளே பெருஞ்சுமை என்பதால் மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற முடியவில்லை. 27 முதல் 33 மணி நேரம் நீண்ட இப்பயணத்தில் பயணிகள் இரண்டு சூரிய உதயங்களைக் கண்டனர்.

1947 டிசம்பர் 1 அன்று ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸின் கான்ஸ்டலேஷன் விமானம் சிட்னியிலிருந்து 29 பயணிகளுடன் புறப்பட்டது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி என ஆறு ஊர்களில் நின்று நான்கு நாளில் லண்டனை அடைந்தது. 1959-இல் போயிங் 707 ஜெட் வந்ததும் நாள் கணக்கு மணிக் கணக்காயிற்று.

அதன்பின் விமானங்களின் வேகம் பெரிதாகக் கூடவில்லை. இன்றைய விமானங்களும் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில்தான் பறக்கின்றன. ஆனால் ஒரே மூச்சில் பறக்கும் தூரம் கூடியதால் நிறுத்தங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. 2018 மார்ச்சில் பெர்த்திலிருந்து லண்டனுக்கு நில்லாச் சேவை தொடங்கியது. 14,498 கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 17 மணி நேரம். 2019 நவம்பரில், ஸ்மித் சகோதரர்கள் பறந்து சரியாக நூறாண்டு கழித்து, லண்டனிலிருந்து சிட்னிக்கு எங்கும் நிற்காமல் வந்த சோதனை விமானம் எடுத்துக்கொண்ட நேரம் 19 மணி 19 நிமிடம்.