புளியரை இறக்கம்

திருவேங்கடத்துக்காரனுக்கு மலை என்பது மேற்கே தெரியும் நீலக்கோடுதான். நம் ஊர் கரிசல் பூமி. சைக்கிளுக்கு இங்கே எதிரி ஏற்றமல்ல, மழை. ஐப்பசியில் வண்டிப்பாதையில் போனால் மட்கார்டுக்குள் மண் அப்பிச் சக்கரம் நின்றுவிடும். குச்சியால் நோண்டுவோம், முடியாவிட்டால் தோளில் தூக்கிக்கொண்டு நடப்போம். மட்கார்டையே கழற்றி வீட்டில் போட்டவர்களும் உண்டு. பிற்காலத்தில் மட்கார்டு இல்லாத 'மவுண்டன் பைக்' கடைக்கு வந்தபோது, இதில் என்ன புதுமை என்றுதான் எனக்குத் தோன்றியது.

அந்தச் சைக்கிளின் கதையும் பழைய வண்டியில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவில், கலிபோர்னியாவின் மரின் பகுதியில், சில இளைஞர்கள் 1930-களில் செய்த தடித்த டயர் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மலையிலிருந்து உருட்டி விட்டார்கள். 1976 அக்டோபர் 21-ல் முதல் பந்தயம். சுமார் 3 கிலோமீட்டர் மண்பாதை, 400 மீட்டர் இறக்கம். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் உள்ளே இருக்கும் கிரீஸ் எரிந்து புகைந்துவிடும். அடுத்த ஓட்டத்துக்கு மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர். அதில் ஓடிய ஜோ பிரீஸ் 1977-ல் மலைக்கென்றே தனிச் சட்டம் செய்தார். 1979-ல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் கடை தொடங்கினார்கள்.

நம் பக்கத்து மலைப்பாதை அதைவிடப் பழையது. செங்கோட்டையிலிருந்து புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர். பொதிமாடும் கட்டைவண்டியும் ஏறிய கணவாய் இது. 1904 நவம்பரில் புனலூர் - செங்கோட்டை மீட்டர்கேஜ் ரயில் வந்தது. கழுதுருட்டியில் ரோட்டை ஒட்டி நிற்கும் பதிமூன்று கண் பாலம் அந்தக் காலத்து வேலை. பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவே மலையைக் குடைந்த நீளச் சுரங்கம்.

இளையவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: அன்றைக்கு மலையின் இரண்டு பக்கமும் திருவிதாங்கூர்தான். செங்கோட்டையே அந்தச் சமஸ்தானத்து ஊர். 1956 நவம்பர் 1-ல் செங்கோட்டை தாலுகாவின் பெரும்பகுதி நம்மோடு சேர்ந்தது, ஆரியங்காவு கேரளத்தோடு நின்றது. தென்காசிக்கு அருகே சமவெளியில் கிடந்த எல்லைக்கோடு அன்றுதான் கோட்டைவாசலுக்கு ஏறியது.

1974 ஆடியில், சாரல் நேரம், நானும் ஒரு நண்பனும் அந்த எல்லையிலிருந்து உருண்டு வந்தோம். செங்கோட்டையில் சைக்கிள்களை லக்கேஜாகப் போட்டு ஆரியங்காவில் இறங்கி, கோட்டைவாசல் வரை தள்ளிக்கொண்டு ஏறினோம். ஹெர்குலிஸ் வண்டி, கம்பி பிரேக். ஈரத்தில் பிரேக் கட்டை ரிம்மைப் பிடிக்கவே பிடிக்காது. எஸ் வளைவில் எதிரே மூங்கில் லாரி. இரண்டு பேரும் செருப்பைத் தேய்த்தபடி மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்கினோம். புளியரைக்கு வந்தபோது என் இடது செருப்பில் குதிகால் இல்லை. டீக்கடைக்காரர் பார்த்துவிட்டு, "செருப்பு போச்சுன்னு சந்தோசப்படுங்க தம்பி" என்றார்.

இப்போது பேரன் கேட்கிறான்: கியர் சைக்கிளில் தென்மலை போகலாமா தாத்தா? வண்டியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. டிஸ்க் பிரேக் ஈரத்திலும் பிடிக்கிறது. கவலை ரோட்டைப் பற்றித்தான். காட்டுக்குள் போகும் பழைய தடங்களில் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. யானையும் சிறுத்தையும் திரியும் இடம், அந்தக் கட்டுப்பாடு நியாயம்தான். ஆக மிஞ்சியது தார் ரோடு. அதில் பாரம் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேரளத்துக்கு ஏறுகின்றன. வளைவில் சைக்கிளுக்கு விட ஒரு முழம் ஓரம்கூட இல்லை. அமெரிக்காக்காரன் மலையில் சைக்கிள் விட்டது, மோட்டார் வராத மண்பாதை அவனுக்குக் கிடைத்ததால்.

2010-ல் நின்ற ரயில் 2018-ல் அகலப்பாதையாகத் திரும்ப ஓடத் தொடங்கிவிட்டது. ரயிலில் தென்மலை போய், அங்கே அணைப் பக்கம் சுற்றிவிட்டு ரயிலிலேயே திரும்பு என்றேன். இறக்கம் இல்லாமல் என்ன தாத்தா என்கிறான். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் லாரி குறைவாக இருக்குமா என்று புளியரைப் பக்கத்து வாசகர்கள் யாராவது சொன்னால் நல்லது.